லைப்ரரியில உட்கார வெச்ச கவுன்சிலர்

ஏனுங்க, அந்தப் பொஸ்தகத்தைச் சித்த மூடி வெச்சுருங்க. பஸ்ஸுல படிச்சாத் தலை சுத்துமுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றன். அதுவுமில்லாம, பொஸ்தகத்தைக் கண்டாலே இப்பெல்லாம் எனக்கு ஆகறதில்லை. ஏன்னு கேக்கறீங்களா? கேக்கலைன்னாலும் சொல்றன். இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு ஈரோடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

அதென்னங்க முத்திரை குத்தியிருக்குது? லைப்ரரிப் பொஸ்தகமா? அட கெரகமே. உங்க ஊர்லயுமா?

நமக்கு வேலாம்புதூருங்க. பேரூராட்சி. கடைவீதியில கம்பி, சிமெண்ட் கடை வெச்சிருக்கறன். பேரு நாச்சிமுத்து. பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, ஒம்பதாம் வார்டு கவுன்சிலர் ஊடு எதுன்னு கேளுங்க, சின்னக் கொழந்தை கூடக் கையை நீட்டிக் காட்டும். ஆமாங்க, கவுன்சிலர் நான்தான். பேரு மட்டும் என்ற சம்சாரத்துப் பேரு. மயிலாத்தாள்.

இருவது வருசமாக் கட்சிக்குக் கொடி கட்டினவன் நானு. நிக்கலாம்னு வேட்டியைத் துவைச்சுப் போட்டா, பொம்பளைக வார்டுன்னு அறிவிச்சுப் போட்டாங்க. நான் சீலை கட்டீட்டா நிக்க முடியும்? செரின்னு அவளை நிக்க வெச்சன். ஓட்டுக் கேட்டது நானு. மைக்குல பேசினது நானு. அவ கும்பிட்டா, அவ்வளவுதான். அதையும் நான்தான் சொல்லிக் குடுத்தன், கையை நெஞ்சுக்கு நேரா வைய்யி, பல்லுத் தெரியாமச் சிரின்னு. செயிச்சதும் ஆளுயர மாலையை என்ற கழுத்துலதானுங்க போட்டாங்க. அவளுக்கும் ஒரு துண்டு போட்டாங்க, கொறை சொல்லக்கூடாது.

குழாயில தண்ணி வரலையா, போன் எனக்கு. சாக்கடை அடைச்சுக்கிச்சா, போன் எனக்கு. கையெழுத்து மட்டும் அவ. அழகாப் போடுவா, அதையும் சொல்லோணும். பத்தாவது பாஸ். நான் எட்டாவதோட நின்னவன், பொண்ணு அதிகம் படிச்சிருக்குதேன்னு எங்கப்பன் கல்யாணத்தப்பவே யோசிச்சாரு. நான்தான் பரவால்லப்பா, கணக்கு வழக்குப் பாக்க ஆவுமேன்னு கட்டிக்கிட்டன். அந்தக் காலத்துலயே எனக்குப் பெரிய மனசுங்க.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்பத்தான் புதுசா ஒரு செயல் அலுவலரம்மா மாத்தலாகி வந்துச்சு. வந்த மொத மீட்டிங்கிலயே என்னையக் கதவுல நிறுத்திப் போட்டுச்சு.

"சார், நீங்க உறுப்பினருங்களா?"

"நான் ஒம்பதாம் வார்டும்மா."

"ஒன்பதாம் வார்டு மயிலாத்தாள்னு போட்டிருக்கு. நீங்க மயிலாத்தாளா?"

கிளார்க்குப் பசங்க சிரிக்கறானுங்க. வீட்டுக்காரங்களுக்கெல்லாம் வெளிய நாற்காலி போடச் சொல்லியிருக்கேன், காத்தோட்டமா உட்காருங்கன்னு அந்தம்மா மரியாதையாத்தான் சொல்லுச்சு. மரியாதையாச் சொல்லி வெளிய தள்ளறது ஒரு கலைங்க. போய்ப் பாத்தா வரிசையா ஆறு நாற்காலி. அதுல ஏற்கெனவே அஞ்சு வீட்டுக்காரங்க உட்கார்ந்திருக்காங்க. அத்தனை பேரும் கவுன்சிலருங்க, என்னையாட்டவே.

பதினோரு மணி மீட்டிங்குன்னா பன்னெண்டரைக்குத்தான் தொடங்கும். அது வரைக்கும் இவளைச் சும்மா உட்டா மத்த பொம்பளைகளோட பேசுவா. பேசினா யோசனை வரும். யோசனை வந்தா வம்பு. அதனால நான் என்ன பண்ணினன், ஆபீசுக்கு எதுத்தாப்புல லைப்ரரி இருக்குது பாருங்க, அங்க கூட்டீட்டுப் போயி, "இங்க உட்காரு அம்மிணி, கூப்பிட்டாத்தான் வரோணும்"னன். எதுக்கு அங்கன்னா, அங்க 'அமைதி'ன்னு போர்டு மாட்டியிருக்குது. யாரும் பேச மாட்டாங்க. இதைவிடப் பத்திரமான எடம் ஊர்ல வேற ஏதுங்க?

அந்த லைப்ரரியைப் பத்திச் சொல்லோணும். மேல ஓட்டைக் கூரை, கீழ பழைய பேப்பரு. மழை வந்தா மேசைக்கு மேசை பிளாஸ்டிக் வாளி வெப்பாங்க. வாளி வாங்க மட்டும் நிதி இருந்துச்சாட்ட இருக்குது. ஒரு ஃபேனு, அது சுத்தறது காத்துக்கா சத்தத்துக்கான்னு தெரியாது. வர்றவங்க யாரு? பென்சன் வாங்கற நாலு பேரு, வேலைக்குப் பரீட்சை எழுதறோம்னு ஏழெட்டுப் பொண்ணுக. நான் அங்க போறதே இல்லீங்க. காலையில பேப்பர் பாக்க மட்டும் ஒரு எட்டுப் போவன். மூணு பேப்பர் போடறாங்க, கடைக்கு ஒண்ணு வாங்கினா வீண் செலவுதானே?

இவ மொத நாளு சுவத்தையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தா. அடுத்த மாசம் பேப்பர் படிச்சா. அதுக்கடுத்த மாசம் கூப்பிடப் போனா, "ரெண்டு பக்கந்தான் மாமா, முடிச்சுட்டு வாறன்"ங்கறா. என்ற வாழ்க்கையிலயே என்னைய அவ காக்க வெச்சது அதுதான் மொத தடவை. செரி போகுதுன்னு உட்டன். பொறவு மீட்டிங் இல்லாத நாள்லயும், சமைச்சு வெச்சுட்டு ரெண்டு மணிக்கெல்லாம் போயிருவா. எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு. மத்தியானம் ஊட்டுல சத்தமில்லாமத் தூங்கலாம் பாருங்க.

ஒரு நா சோத்துல ரசம் ஊத்திக்கிட்டே கேக்கறா, "மாமா, நம்ம ஊட்டு வரி ரசீதுல நூலக வரின்னு தனியா ஒண்ணு போட்டிருக்குதே, பாத்தீங்களா?"

"எல்லாருக்கும் போடறதுதான்."

"அது லைப்ரரிக்குப் போகுதுங்களா?"

"போகும்."

"போனா ஏனுங்க கூரை ஒழுகுது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. மோர் ஊத்து."

ஊத்தினா. நான் அதோட முடிஞ்சுச்சுன்னு நெனைச்சன்.

உண்மையைச் சொல்றன், அந்தக் காசு எங்க போச்சுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். வசூலு பண்ணி, 'அவசரச் செலவு'ன்னு சொல்லி ரோட்டுக்கும் சாக்கடைக்கும் போட்டாங்க. தப்பா? ரோடுன்னா ஊரே நடக்கும். என்ற கடைக்கு முன்னால இருந்து குடோன் வரைக்கும் போட்ட சிமெண்ட் ரோடு இருக்குதே, அதுல ஊரே நடக்கலாம், யாரு வேண்டாம்னாங்க? அந்தப் பக்கம் என்ற குடோனைத் தவிர வேற ஒண்ணும் இல்லைங்கறது வேற விசயம்.

இப்ப விசயத்துக்கு வாறன். லைப்ரரி இருக்கற எடம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி. தங்கமாட்ட எடமுங்க. பேரூராட்சித் தலைவரு ஒரு யோசனை சொன்னாரு. அதை இடிச்சுட்டு வணிக வளாகம் கட்டலாம், கீழ மேல கடைக, மூலைக்கடை நம்மளுக்கு. ஊருக்கு வெளிய, குப்பை கொட்டற உரக்கிடங்கை ஒட்டி ஒரு பழைய கொட்டகை சும்மா கெடக்குது, லைப்ரரிய அங்க மாத்திக்கலாம். ஊருக்கு வருமானம். எல்லாம் ஊருக்காகத்தானுங்க. மூலைக்கடை கூட ஊருக்காகத்தான் எடுத்துக்கலாம்னு இருந்தன்.

அந்தச் சமயம் பாத்து லைப்ரரிக்காரரு ஒரு மனுக் குடுத்தாரு. நூலக வரியை முழுசாக் குடுங்க, அது பத்தாது, பேரூராட்சிப் பொது நிதியில இருந்தும் கூரைக்கு ஒதுக்குங்கன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! வணிகர் சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு ஒரு பிடி பிடிச்சன். "இது யாரு ஊட்டுப் பணம்? வரி கட்டறவன் வேர்வை! பொஸ்தகம் வேணுங்கறவன் காசு குடுத்து வாங்கிப் படிக்கட்டும். எனக்குப் பசிச்சா ஓட்டலுக்குப் போறன், ஊரான் வரிப் பணத்துலயா திங்கறன்? ஊருக்கே ஒரு போனு கையில இருக்குது, அதுல இல்லாததா பொஸ்தகத்துல இருக்குது?" கைதட்டுன்னா அப்படி ஒரு கைதட்டு. எம்பட வேர்வையைப் பத்தி நான் பேசினதை நெனைச்சு எனக்கே கண்ணு கலங்கிருச்சுங்க.

இல்லீங்க, நான் வரி கட்டாதவன் இல்ல. ஒழுங்காக் கட்டறன். என்ன, எங்கப்பன் காலத்துல அந்த எடத்துல ஓட்டு ஊடு இருந்துச்சு. இப்ப மூணு மாடி. ரசீதுல இன்னும் ஓட்டு ஊடுன்னே வருது. அவங்க வந்து மாத்தலை, நான் போய்ச் சொல்லலை. நல்லாப் போற வண்டியை எதுக்கு நிறுத்திக் கேக்கோணும்?

அடுத்த நாளு காலையில முடியாம, மூணு மணிக்குப் பேப்பர் பாக்கப் போனப்ப, அந்தப் பொண்ணுகள்ல ஒருத்தி எந்திரிச்சு என்றகிட்ட வந்துச்சு. நஸ்ரின்னு பேரு. தையக்கடை காதர் மக. "அண்ணா, லைப்ரரிய உரக்கிடங்குக்கிட்ட மாத்தப் போறீங்களாமா?"ன்னுது.

"ஏங்கண்ணு, பொஸ்தகத்துக்கு என்ன மூக்கா இருக்குது?"

"எங்களுக்கு இருக்குதுங்கண்ணா. அங்க பஸ்ஸும் வராது. சாயங்காலம் நாங்க எப்படித் திரும்பறது?"

"ஊட்டுல உட்கார்ந்து படிக்கறது."

"ஊட்டுல இருக்கறது ஒரே ரூமு. அதுல மூணு மிசின் ஓடுது. இங்க ஃபேன் மட்டுந்தான் சத்தம் போடும்."

"நாங்கெல்லாம் மிசின் சத்தத்துக்கு நடுவுலதான் கண்ணு முன்னுக்கு வந்தோம்."

"நீங்க எது வரைக்கும் படிச்சீங்கண்ணா?"

பெரியவங்ககிட்டக் கேக்கற கேள்வியா அது? பேப்பரை மடிச்சு வெச்சன். திரும்பிப் பாத்தா, பின்னால மேசையில மயிலாத்தா உட்கார்ந்திருக்கறா. பொஸ்தகத்தை மூடி வெச்சுட்டு என்னையவே பாக்கறா. அந்தப் பார்வையை நான் கண்டுக்கலீங்க. பொம்பளைக பாக்கறதையெல்லாம் கண்டுக்கிட்டா வேலை நடக்குமா?

ஐப்பசி மழை புடிச்சுது. நாலு நாளு விடாம. அஞ்சாம் நாளு மத்தியானம் கடையில உட்கார்ந்திருக்கறன், யாரோ ஓடியாந்து, "லைப்ரரிக் கூரை பேந்து உளுந்துருச்சு, உங்கூட்டம்மா மேல"ங்கறான். ஓடினனுங்க. செருப்புக் கூடப் போடலை. அதை நம்பலாம் நீங்க.

போய்ப் பாத்தா மேசை மேல ஒரு வண்டி காரை. இவ நெத்தியில ரத்தம் வடிய உட்கார்ந்திருக்கறா. நஸ்ரினு அதும் துப்பட்டாவை மடிச்சு வெச்சு அமுக்கிட்டிருக்குது. அந்தப் புள்ளைக்குத்தான் நேரா உளுந்திருக்கோணும், இவ இழுத்து உட்டதுல இவ மேல பட்டுதாமா. "அம்மிணி, அம்மிணி"ன்னன். "ஒண்ணுமில்லீங்க மாமா"ன்னா.

ஒண்ணுமில்லைன்னு அவளே சொல்லவும்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்து நிக்குது. நான், "ரெண்டே நிமிசம்"னு சொல்லி, எதுத்த ஸ்டூடியோக்காரனைக் கூப்பிட்டு, இவளை லைப்ரரி வாசப்படியில போர்டுக்குக் கீழ நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தன். துப்பட்டாவைச் சித்த எடும்மான்னன், ரத்தம் தெரியோணும்ல. நாலு தையலுதானுங்க போட்டாங்க, பெருசா ஒண்ணுமில்ல. போட்டோ எடுத்ததால ஒண்ணும் கொறைஞ்சு போயிறலை.

மறுநா காலையில பஸ் ஸ்டாண்டுல பேனரு. பத்துக்கு எட்டு. 'மக்கள் பிரதிநிதியின் ரத்தம் குடித்த நூலகம்! இடிப்போம்! காப்போம்!' நானே எழுதினது. நடுவுல ரத்தத்தோட அவ போட்டோ, கீழ என்ற படம், கும்பிடற மாதிரி. இப்படி ஒரு வாய்ப்பு எந்தக் கட்சிக்காரனுக்குக் கெடைக்குமுங்க? அது வரைக்கும் இடிக்க வேண்டாம்னு சொன்னவங்க கூட, ஆமாப்பா ஆபத்துத்தான்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறப்ப இவ அதைப் பாத்தா. ஸ்கூட்டரை நிறுத்துங்கன்னா. நிறுத்தினன். எறங்கி நின்னு ரொம்ப நேரம் பாத்தா. நல்லாருக்குதான்னு கேட்டன். "என்ற மூஞ்சியை இவ்வளவு பெருசா நான் பாத்ததே இல்லீங்க"ன்னா. நான் பெருமையாச் சொல்றான்னு நெனைச்சுக்கிட்டன். நெனைக்காம வேற என்னங்க நெனைக்கறது?

அடுத்த வாரம் மீட்டிங். இடிக்கற தீர்மானம். நான் அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிக் குடுத்தன். 'ஆதரிக்கிறேன்.' வண்டியில போறப்ப ரெண்டு தடவை சொல்லச் சொன்னன், சொன்னா. நெத்தியில பிளாஸ்திரி இருந்துச்சு. காயம் ஆறிருச்சு, இருந்தாலும் மீட்டிங் வரைக்கும் எடுக்காதேன்னு நான்தான் சொல்லியிருந்தன்.

நாங்க ஆறு பேரும் வெளிய நாற்காலியில. சன்னல் தொறந்துதான் இருக்குது. தலைவரு தீர்மானத்தைப் படிச்சாரு. "நம்ம ஒன்பதாம் வார்டு அம்மாவே பாதிக்கப்பட்டவங்க, அவங்களே மொதல்ல பேசட்டும்"னாரு. நான் பக்கத்துல இருந்த மூணாம் வார்டுக்காரரு தொடையைத் தட்டி, பாருங்க இப்பன்னன்.

எந்திரிச்சா. கையில துண்டுச் சீட்டு ஒண்ணுமில்ல.

"நான் எதிர்க்கிறேன்"னா.

மறந்துட்டாளாக்கும்னு நான் சன்னலுக்குப் போய், "ஆதரிக்கிறேன், ஆதரிக்கிறேன்"னு மெதுவா எடுத்துக் குடுத்தன். அவ திரும்பி, "கேக்குதுங்க மாமா. நான் செரியாத்தான் சொல்றன்"னா. உள்ள ஒரே சிரிப்பு. அந்தச் செயல் அலுவலரம்மா குனிஞ்சு ஏதோ எழுதற மாதிரி மூஞ்சியை மறைச்சுக்குது.

பொறவு பேசினா பாருங்க. இத்தனை வருசம் ஊட்டுல உப்பு, புளி, மொளகாயைத் தவிர வேற பேசாதவ.

"என் தலையில விழுந்தது கூரைங்க, புஸ்தகமில்ல. கூரை சரியில்லைன்னா கூரையை மாத்தணும். பஸ் ஸ்டாண்டுக் கூரை ஒழுகினப்ப பஸ் ஸ்டாண்டை உரக்கிடங்குக்கா மாத்தினோம்? நூலக வரின்னு சொல்லி வாங்கறோம். சொல்லி வாங்கினதை அதுக்குக் குடுக்கலைன்னா அதுக்குப் பேரு என்னன்னு தலைவரே சொல்லட்டும். அங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பொண்ணுங்க படிக்குதுங்க. நம்ம ஊர்ல ஒரு பொம்பளை காசு குடுக்காம, யாருக்கும் பதில் சொல்லாம, ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேற இடம் இருக்குதுங்களா? இருந்தாச் சொல்லுங்க, நானும் போறேன்."

தலைவரு சிரிச்சுக்கிட்டே, "எல்லாஞ் செரிங்கம்மா. வர்ற வரி ரோட்டுக்கே பத்தலை. நிதிக்கு எங்க போறது?"ன்னாரு. நல்ல கேள்வி. நான் கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பன்.

இவ சொல்றா, "எங்க ஊட்டுல இருந்து ஆரம்பிங்க. மூணு மாடி கட்டி ஏழு வருசமாச்சு. இன்னும் ஓட்டு ஊட்டுக்குத்தான் வரி கட்றோம். நாளைக்கே ஆளு அனுப்பி அளந்துக்குங்க. அப்படியே கடைவீதி பூராவும் அளந்தீங்கன்னா, கூரையென்ன, மேல ஒரு மாடியே போடலாம்."

நான் திரும்பி வந்து நாற்காலியில உட்கார்ந்துட்டனுங்க. மூணாம் வார்டுக்காரரு என்ற தொடையைத் தட்டி, "பாக்கறனுங்க"ன்னாரு. தீர்மானத்தை எதிர்க்கறவங்க கை தூக்குங்கன்னு கேட்டப்ப மொத கையி இவளோடது. ஒரு நிமிசம் வேற கையே இல்ல. அப்பறம் மூணாம் வார்டம்மா. அவங்க வீட்டுக்காரரு சிரிப்பு நின்னு போச்சு. அப்பறம் ஆறாம் வார்டு. பதினொண்ணு. நாங்க வெளிய ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறோம், ஒவ்வொரு கையா ஏறுது. பதினஞ்சு பேருல எட்டுக் கையி. எட்டும் வளையல் போட்ட கையி. தீர்மானம் தோத்துப் போச்சு. பேசினா யோசனை வரும்னு நான்தான் இவளைப் பேச விடாம அமைதியான எடத்துல உட்கார வெச்சன். மத்தவளுகளும் ஒவ்வொருத்தியா அங்க வந்து உட்கார்ந்திருக்காளுக. 'அமைதி'ன்னு போர்டு மாட்டின எடத்துல என்னத்தைப் பேசியிருப்பாளுகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

அந்தச் செயல் அலுவலரம்மா சும்மா இருக்குமா? மறுநாளே டேப்பு புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரு என்ற ஊட்டு வாசல்ல. இவ அவங்களுக்கு மோர் கலக்கிக் குடுக்கறா. ஒருத்தன் மொட்டைமாடித் தண்ணித் தொட்டிய உட்டுட்டான், இவ ஞாபகப்படுத்தறா. கடைவீதி பூராவும் அளந்தாங்க. ஒரு மாசம் வணிகர் சங்கத்துல எனக்கு டீ சொல்ல ஆளில்ல. "உன்னாலதான்யா"ங்கறாங்க. நான் என்னங்க பண்ணினன்? நான் வெளியதானே உட்கார்ந்திருந்தன்!

கோவிச்சுக்கிட்டு அவளோட பேச்சை நிறுத்திப் போட்டன். ஒரு வாரம். அவளுக்கு அது தெரியலைங்க. சாப்பாடு போடுவா, பொஸ்தகத்தை எடுத்துக்கிட்டுச் சன்னலுக்கிட்ட உட்கார்ந்துக்குவா. நான் பேசாம இருக்கறன்னு அவகிட்ட நானே போய்ச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

"அப்படிங்களா?"ன்னா.

"ஏன் அம்மிணி இப்படிப் பண்ணினே? நான் உனக்கு என்ன கொறை வெச்சன்?"

படிச்ச பக்கத்துல வெரலை வெச்சுக்கிட்டுப் பொஸ்தகத்தை மூடினா. கோவமே இல்ல, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. "நீங்க எங்க உட்காருன்னு சொன்னாலும் உட்கார்ந்தனுங்க. கல்யாணத்துல, கடையில, மேடையில, எல்லா எடத்துலயும். எப்ப எந்திரிக்கச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே உட்கார்ந்திருப்பன். அந்த ஒரு எடத்துலதான், நீங்க கூப்பிட வந்துருவீங்களோன்னு இருந்துச்சு."

இதுக்கு என்னங்க அர்த்தம்? நீங்க படிக்கறவங்க, சொல்லுங்க. பொஸ்தகத்தைப் பாக்கறீங்களே. எனக்கும் ஒண்ணும் புரியலை. புரியலைன்னாலும் அன்னைக்குச் சோறு எறங்கலை. அது அசீரணமாக்கூட இருக்கலாம்.

கூரை வேலை நடந்துச்சு. வரி ஒழுங்கா வசூலானதுல பொது நிதியில இருந்தும் ஒதுக்கினாங்க, பொண்ணுகளுக்குன்னு ஒரு கக்கூசும் கட்டினாங்க. அதுக்கு முன்னால அவளுக எல்லாம் எதுத்தாப்புல மாவு மில்லுக்குப் போய்ட்டு வந்துட்டிருந்தாளுகளாமா. எனக்கு எப்படித் தெரியும்? நான் பேப்பர்தானே பாக்கப் போவன். அட, வேலைக்குச் சிமெண்ட்டாவது என்ற கடையில எடுப்பாங்கன்னு பாத்தா, கவுன்சிலர் சொந்தக் கடையில எடுக்கக்கூடாதாமா. சட்டமாம். யாரு சொன்னான்னு நெனைக்கறீங்க? அதையும் அங்கதான் படிச்சாளாமா. அதெல்லாம் அலமாரியில வெச்சுத் தொலைச்சிருக்கறானுங்க பாருங்க, யாரு வேண்ணாலும் எடுத்துப் படிக்கற மாதிரி.

நஸ்ரின் புள்ள பரீட்சை பாஸ் பண்ணி, பக்கத்து ஊரு தாலுகா ஆபீசுல வேலைக்குச் சேந்துருச்சு. ஊட்டுக்கு முட்டாயி கொண்டாந்து குடுத்துச்சு. இவ தழும்பைத் தொட்டுப் பாத்துட்டு அழுவுது. இவளும் அழுவறா. நான் ரெண்டு முட்டாயி எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டன். அந்தக் கூரைய அன்னைக்கே இடிச்சிருந்தா ஒருத்தரும் அழுதிருக்க வேண்டியதில்ல பாருங்க.

பவானி தாண்டிட்டமுங்களா? இன்னும் சித்த தூரந்தான்.

நான் ஈரோடு போறது எதுக்குன்னா, மாவட்டச் செயலாளரு கூப்பிட்டிருக்காரு. அடுத்த தேர்தல் வருது. எங்க வார்டு இந்தத் தடவை பொது வார்டு. ஆம்பளையும் நிக்கலாம். அதுக்குத்தான் இந்த வெள்ளைச் சட்டை, காலையில ரெண்டு தடவை தேச்சன். போனுல அவரு வாயாலயே சொன்னாரு, "நாச்சிமுத்து, வேலாம்புதூர்ல இப்ப உங்க ஊட்டுப் பேருதான்யா பேரு. தலைவர் பதவிக்கே நிறுத்தலாம்னு மேல பேசிக்கறாங்க. அம்மாவைக் கூட்டீட்டு வாங்க. அவங்க போட்டோ, சர்டிபிகேட்டு நகலு எடுத்துட்டு வாங்க"ன்னாரு. வரச் சொன்னது அவளையுந்தான். ஆனா இன்னைக்குச் சனிக்கெழமை, லைப்ரரியில கொழந்தைகளுக்குக் கதை சொல்றாளாம், வர முடியாதுன்னுட்டா. "நீங்க போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க மாமா, நான் யோசிக்கறன்"னா.

அவருக்குப் போன் பண்ணி, அவ வரலைங்க, நான் மட்டும் வாறன்னு சொன்னன். "செரி, போட்டோ, சர்டிபிகேட்டை மட்டும் ஒரு கவர்ல போட்டுக் குடுத்துட்டுப் போங்க"ன்னாரு. பெரிய மனுசன், ஆயிரம் சோலி இருக்கும். என்னைய உட்கார வெச்சுப் பேச நேரமிருக்காதுன்னு முன்னாடியே சொல்லிப் போட்டாரு. அதுவும் ஒரு மரியாதைதானே?

இந்தாங்க, இதுதான் அந்தக் கவரு. பாருங்க, பாக்கலாம். இது அவளோட பத்தாவது சர்டிபிகேட்டு. இது அவ போட்டோ, மூணு காப்பி. நெத்தித் தழும்பை மறைச்சுக் குடுக்கட்டுமான்னு ஸ்டூடியோக்காரன் கேட்டான், வேண்டாம், இருக்கட்டும்னுட்டா.

கடேசியா இருக்கறது என்ற போட்டோங்க. ஒரே ஒரு காப்பி. கேக்கலைதான். இருந்தாலும் கெடக்கட்டும்னு வெச்சிருக்கறன்.